சாலைச் சந்திப்பும் நடப்போரின் உரிமையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மஃரிப் நேரத்தில் கடைத்தெருச் சந்திப்பைக் கடந்து பள்ளிவாசலுக்கு வரும் முதியவர்களை நாம் அன்றாடம் காண்கின்றோம். பாதிச் சாலையைத் தாண்டுவதற்குள் அவர்களுக்குரிய பச்சை விளக்கு அணைந்துவிடுகின்றது. உடனே ஹாரன் ஒலிக்கின்றது. "பெரியவர் மெதுவாக நடக்கின்றார்" என்று அவர் மீதே குறை சொல்கின்றோம். குறை கணக்கில் இருக்கின்றது.

சிக்னலுக்கு நேரம் குறிப்போர், மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வது நெடுநாளைய வழக்கம். அதன்படி 18 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு 15 வினாடி போதும். முழங்கால் வலியோடு வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கோ இருபத்திரண்டரை வினாடி வேண்டும். எஞ்சிய ஏழரை வினாடியும் அவர் வாகனங்களுக்கு நடுவே நிற்கின்றார். சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டு இதற்கொரு வழி கண்டனர். முதியோர் தமது சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். அங்கு பிழைக்கச் சென்ற நம்மவர்கள் இதைக் கண்டிருப்பர்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

மத்ரஸாவிற்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளைப் பற்றியும் கூற வேண்டும். பேருந்தோ லாரியோ இடப்புறம் திரும்பும்போது, பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே செல்வதில்லை; உட்புறமாக ஒதுங்கி வரும். அந்த இடுக்கில் நிற்கும் சிறுவன் ஓட்டுநரின் கண்ணுக்குப் படுவதும் அரிது. அவன் வண்டிக்குப் பின்னாலேயே நிற்கட்டும். பெற்றோர் ஒருநாள் உடன் சென்று, நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பது நலம்.

வரிக்கோடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவோரில் நம் இளைஞர்களும் உள்ளனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஜும்ஆவுக்கு விரைவோர்தாம் இதில் முதலிடம்!

நடப்போருக்குக் கூடுதல் வினாடிகள், அழிந்துபோன வரிகளுக்குப் புதுப்பூச்சு, அவர்கள் கடக்கும் நேரத்தில் இடப்புறம் திரும்பும் வாகனங்களுக்கும் சிவப்பு விளக்கு ஆகிய மூன்றையும் கேட்டுப் போக்குவரத்துக் காவல்துறைக்கு நிர்வாகம் மனு எழுதியுள்ளது. இஷாவுக்குப் பின் அலுவலக அறையில் அது இருக்கும். அனைவரும் கையொப்பமிட வேண்டுகின்றோம்.