நிலையற்ற வேலையும் நிலைபெறும் வாழ்வும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்பு பொருளாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். அதில் 'மருத்துவ உதவி' என்று ஒரு வரி வந்தது. எல்லோரும் கேட்டோம்; அடுத்த வரிக்குச் சென்றுவிட்டோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஒப்புதலைப் பெற்று, பெயரைத் தவிர்த்து, அவரைப் பற்றிச் சொல்லவே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

அவர் இரு சக்கர வாகனத்தில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையை நான்காண்டுகளாகச் செய்து வந்தார். ஒரு மழை இரவில், எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது சறுக்கி விழுந்து கால் முறிந்தது. மூன்று மாதங்கள் படுக்கை. பார்க்கச் சென்ற நாம், "நீங்கள் வேலை செய்ததற்குச் சான்றாக ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டோம். "இந்தக் கைபேசியைத் தவிர வேறொன்றும் இல்லை, ஹஜ்ரத்" என்றார். நான்காண்டு உழைப்புக்கு ஒரு தாள்கூட இல்லை. நல வாரியம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

குறையை அவர்மீது மட்டும் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. அந்த நான்காண்டுகளும் வெள்ளிக்கிழமை தோறும் அவருடைய வாகனமும் பையும் நம் பள்ளிவாசல் வாசலில்தான் நின்றன. நாமும் பார்த்தோம், ஸலாம் சொன்னோம், ஒரு நாளும் விசாரிக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழக அரசு 2009-இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை ஏற்படுத்தியது. அதில் உறுப்பினராவதை நாமே மூன்றாண்டுகள் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டோம். ஆகவே இந்த உரையின் முதல் அறிவுரை நமக்கே உரியது.

நேரம் யார் கையில்?

இன்றைய இளைஞர்கள் பலர், விருப்பமான நேரத்தில் செய்யத்தக்க வேலையை நாடுகிறார்கள். இதைப் பெரியவர்கள் சிலர் சோம்பல் என்கிறார்கள். நாம் விசாரித்தவரை அப்படியில்லை. ஒருவர் நோயுற்ற தம் அத்தாவை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் காலையில் கல்லூரிக்குச் செல்கிறார். இன்னொருவர் ஜும்ஆ நேரத்தில் விடுப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர். இவையெல்லாம் நியாயமான காரணங்களே.

பெரியவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. திருமணப் பேச்சு வந்தால் பெண் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலையா?" என்பதுதான். ஆனால் இந்த வடசென்னையில் நிரந்தரம் என்று எதைச் சொல்வது? தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளும் வேலை, உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2011-இல் நின்று எண்ணூர்ப் பக்கம் போயிற்று. நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் நம்பியிருந்தவர்கள் கலங்கி நின்றதைப் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

எனவே, 'நிரந்தர வேலையா, தற்காலிக வேலையா?' என்ற கேள்வியைவிட, 'இந்த வேலை அவரை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும்?' என்ற கேள்வியே பொருத்தமானது.

துறைமுகம் கற்றுத்தந்த பாடம்

வேலை வந்தும் போயும் இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. கப்பல் வந்தால்தான் துறைமுகத்தில் வேலை. அக்காலத்தில் விடியற்காலையில் துறைமுக வாயிலில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து, தமக்கு வேண்டியவர்களைக் கைகாட்டி எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இன்று மேஸ்திரியின் விரல் இருந்த இடத்தில் கைபேசித் திரை இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

1948-இல் துறைமுகத் தொழிலாளர்களுக்கான வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைக்கப்பட்ட வாரியங்கள் தொழிலாளரைப் பெயர் எழுதிப் பதிவு செய்தன. மேஸ்திரியின் தயவுக்கு மாறாக, முறைவைத்து வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். வேலைக்கென்று வந்து நின்று, கப்பல் இல்லாததால் வேலை கிடைக்காத நாளுக்கும் வருகைப் படி என்று ஒரு தொகை உண்டு என்றாயிற்று. கவனியுங்கள்: கப்பல் தன் விருப்பப்படிதான் வந்தது, வேலை அதே நிலையற்ற வேலைதான். ஆனால் அதைச் செய்தவரின் வாழ்வு நிலைபெற்றது. அதற்குக் காரணம் பதிவு.

பாடத்தின் மறுபாதியும் உண்டு. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டது. மூட்டை மூட்டையாகப் பலர் முதுகில் சுமந்ததை ஒரு கிரேன் ஒரே பெட்டியாகத் தூக்கத் தொடங்கியது. சுமக்க மட்டுமே அறிந்தவருக்கு வேலை சுருங்கியது. கிரேனையும் ஃபோர்க்லிஃப்டையும் இயக்கக் கற்றவருக்கு வேலை வளர்ந்தது. பதிவு ஒருவரைக் கீழே விழாமல் தாங்கும். மேலே ஏற்றுவது கைத்திறனே.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று சொற்களைச் சொல்கிறோம்: கணக்கு, பதிவு, கைத்திறன்.

கணக்கு

கைக்கு வந்ததெல்லாம் வருமானம் அன்று. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்குப் பத்து மணி நேர ஓட்டத்தில் 900 ரூபாய் வருகிறது. நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். லிட்டர் ஏறக்குறைய நூறு ரூபாய் என்றால், பெட்ரோலுக்கு 220 போகும். டயர், ஆயில், பிரேக் தேய்மானத்துக்கு நாளொன்றுக்கு 60 ஒதுக்க வேண்டும். தேநீர், சாப்பாடு, கைபேசிக் கட்டணம் 80. வண்டிக்கு மாதம் 3,000 ரூபாய் தவணை இருந்தால், வேலை செய்யும் 26 நாட்களுக்குப் பங்கிட நாளுக்கு 115. மிச்சம் 425 ரூபாய். மணிக்கு நாற்பத்திரண்டு ரூபாய் சொச்சம்.

இதைச் சொல்வது மனம் தளரச் செய்வதற்கு அன்று. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதினால், எந்த நேரத்தில் ஓடினால் பலன், எந்த நேரத்தில் பெட்ரோல்தான் வீண் என்பது தெளிவாகும். வீணாகும் அந்த நேரத்தைக் கற்பதற்குத் திருப்பலாம். நேரம் நம் கையில் என்பதன் உண்மைப் பொருள் அதுவே.

வீட்டிலிருந்தே தையல் வேலையும் சமையல் வேலையும் செய்யும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். நூல், மின்சாரம், எரிவாயு, செலவழித்த மணி நேரம் ஆகியவற்றை எழுதாமல் கூலி பேசினால், வாங்குபவருக்கே லாபம் போய்ச் சேரும்.

பதிவு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி பணிக்கும் வசனம் என்பதை நாம் அறிவோம். உழைப்பும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

இணையவழி நிறுவனங்களுக்காக உழைப்பவர்களுக்கென்று தமிழக அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், அவ்வாறு பதிவு பெற்ற 2,000 பேருக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் முதல் இயங்குகிறது. அதில் பதிவு செய்தால் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட அட்டை கிடைக்கும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தகைய நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நல நிதிக்கு அளிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இச்சட்டத்தின் பலன் நம் வீடு தேடி வர வேண்டுமானால், நம் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் முகவரி தெரியாத கடிதம் போன்றதே.

அதோடு, வாராவாரம் வரும் ஊதிய விவரத்தைக் கைபேசியிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள். பணம் வங்கிக் கணக்கின் வழியே வரட்டும். நாளை கடனுக்கோ, இழப்பீட்டுக்கோ, வேறு வேலைக்கோ அதுவே உங்கள் சாட்சி.

கைத்திறன்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, மணலி வரை, நம் பகுதியில் ஏணிகள் பல நிற்கின்றன. ஏறுவாரைத்தான் காணோம்.

துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் அலுவலகங்களில் நம் பிள்ளைகள் சிலர் தாள்களைத் தூக்கிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அங்கே படிகள் தெளிவாக இருக்கின்றன. தேர்வு எழுதாத உதவியாளருக்கு எச் அட்டை. சுங்கத்துறையின் தேர்வில் தேறினால் ஜி அட்டை. பட்டப்படிப்பும் அந்த அனுபவமும் சேர்ந்தால், அடுத்த தேர்வையும் எழுதி, சுங்க முகவர் உரிமம் பெறும் தகுதியை அடையலாம். பல ஆண்டுகள் எச் அட்டையிலேயே நிற்பதற்கும் ஜி அட்டைக்கு ஏறுவதற்கும் இடையே உள்ளது ஒரு தேர்வு மட்டுமே.

கன்டெய்னர் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட், ரீச் ஸ்டாக்கர் இயக்குவோர் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். தேர்ந்த வெல்டரும் குளிர்பதனக் கன்டெய்னர் மெக்கானிக்கும் தம் கூலியைத் தாமே சொல்லும் நிலையில் இருக்கிறார்கள். வேலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உண்மையான உரிமை இவர்களுக்கே கிடைக்கிறது. திறன் இல்லாதவரை நேரம் ஓட்டுகிறது. திறன் உள்ளவர் நேரத்தை ஓட்டுகிறார்.

பள்ளிப் படிப்பை முடித்தவர் அரசு ஐடிஐ-யில் சேரலாம். கல்லூரியில் பயில்பவர், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளை அலட்சியம் செய்யாதீர்கள். பட்டறையில் கைப்பழக்கமாகக் கற்றுத் தேர்ந்து, கையில் சான்றிதழ் இல்லாதவர், தம் திறனைச் சோதித்துச் சான்று பெறவும் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

ஜமாஅத்தின் கடமை

அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியை எல்லோரும் கேட்டிருப்போம். உதவி கேட்டு வந்த ஏழை ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும் இருந்தன. அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மறு திர்ஹம் கோடாரி வாங்க. கோடாரிக்குக் கைப்பிடியைத் தம் கரத்தாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் கழித்து வருமாறும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

விறகு வெட்டுவதும் மாதச் சம்பள வேலை அன்று, அன்றாடம் கிடைப்பதே. ஆயினும் அங்கே கையிருப்பு கணக்கிடப்பட்டது. வீட்டுக்கும் கருவிக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. திரும்பி வந்து நிலையைச் சொல்ல ஒரு தவணை குறிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடியைப் பொருத்தித் தர ஒரு கரம் இருந்தது. நம் பிள்ளைகள் பலரிடம் கோடாரி இருக்கிறது. கைப்பிடியைத்தான் நாம் பொருத்தித் தரவில்லை.

எனவே நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை, மதரஸா அறையில், கணினி அறிந்த இளைஞர்களைக் கொண்டு நல வாரியப் பதிவும் இ-ஷ்ரம் பதிவும் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். அக்கம்பக்கத்துச் சகோதர சமுதாயத்தாரும் வரலாம். விபத்து மதம் பார்த்து வருவதில்லை. இரண்டு, பைத்துல்மாலிலிருந்து பயிற்சிக் கட்டணத்துக்கும் தொழிற்கருவிக்கும் வட்டியில்லாக் கடன் வழங்க வேண்டும். மூன்று, துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பெரியவர்கள், ஆளுக்கு ஓர் இளைஞரைத் தம் பொறுப்பில் எடுத்து வழிகாட்ட வேண்டும்.

அந்த இளைஞர் இப்போது ஊன்றுகோலின்றி நடக்கிறார். சென்ற மாதம் அவரை வாரியத்தில் பதிவு செய்ய நாமே உடன் சென்றோம். இப்போது மாலை நேரங்களில் மட்டும் வண்டி ஓட்டுகிறார். காலையில் குளிர்சாதனப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை கற்கிறார். அடுத்த ஆண்டுக் கணக்கில் அவர் பெயர் உதவி பெற்றவர் பத்தியில் இராது. சந்தா செலுத்தியவர் பத்தியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நம்முடையதும் அதுவே.

உழைக்கும் கரங்களுக்கு வல்ல இறைவன் பரக்கத்தையும் பாதுகாப்பையும் வழங்குவானாக! அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.