வீட்டு வருமானம்

ஆலங்குளத்து அரசு சிமென்ட் ஆலையில் பணிபுரிவோர்க்குச் சம்பளப் பட்டியல் உண்டு. வருமான வரிக்குரிய ‘படிவம் 16’ உண்டு. பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலிக்கு உழைக்கும் தாய், மகனின் கல்வி உதவித்தொகைக்கு எதனைக் காட்டுவாள்? அவளுக்குரியது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பர், வட்டாட்சியர் வழங்குவார். ஓராண்டே செல்லும்.

ஆதிதிராவிட மாணவர்க்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டலாகாது. இங்கேதான் நான் எச்சரிக்க விரும்புகிறேன். தீபாவளிக்கு முந்திய நல்ல வாரத்துக் கூலியை 52 ஆல் பெருக்கிச் சொல்லிவிடுவார்கள், பெருமைதான்! மழைநாளும், தீபாவளிக்குப்பின் ஆலை மூடிக்கிடக்கும் நாளும் கணக்கில் வரவேண்டாமா? வாரந்தோறும் கைக்கு வந்த கூலியைத் தாயாரிடம் கேட்டு, உள்ளபடியே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். விசாரிக்க வருபவரிடம் அதனைக் காட்டலாம்.