எல்லைக்கோட்டில் நிற்கும் தைரொயிட் ரிப்போட்



தைரொயிட் ரிப்போட்டைக் காட்டி, "இது வருத்தமா, இல்லையா?" என்று பலர் எங்களிடம் கேட்கிறீர்கள். அதைப் பற்றி இன்றைக்குப் பேசுவோம்.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மெதுவாக வேலை செய்தால், கங்காணி சத்தம் கூட்டுவதுபோல, மூளையடிச் சுரப்பி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டி அனுப்பும். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்கலாம். 4க்கும் 10க்கும் இடையில் இருந்து, டி4 சரியாக இருந்தால், அதுதான் எல்லைக்கோடு.

பயந்துபோய் நீங்களாக மாத்திரை வாங்காதீங்க. ரிப்போட்டைப் பெட்டியில் போட்டு மறந்தும் விடாதீங்க. 2, 3 மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்கணும். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் கர்ப்பிணித் தாய் காத்திருக்கவே கூடாது. முதல் மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைரொயிட்டை நம்பித்தான். அரைப்பேர் போனாலும் பரவாயில்லை, உடனே கிளினிக் போங்க.

சமையல் உப்பில் அயடின் இருக்கிறது. அடுப்போரம் திறந்து வைத்தால் அது குறைந்துபோகும். மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும்போது போடுங்க. அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம்; அயடின் மிஞ்சினாலும் கெடுதி. மீன், முட்டையில் செலினியம் உண்டு. நெத்தலி, பருப்பு, கீரையில் இரும்புச்சத்து உண்டு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்க.

சத்துச் சாப்பாடு துணைதான், மருந்துக்குப் பதிலாகாது. டொக்டர் தைரொக்சின் தந்தால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிங்க. இரும்பு மாத்திரையை 4 மணி நேரம் தள்ளிக் குடிங்க.

ரிப்போட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ரிப்போட்டோடு ஒத்துப் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.