நள்ளிரவில் கிடைக்காத எண்ணெய்

(வானொலி மறையுரை. நற்செய்தி: மத்தேயு 25:1-13)



ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. தீயணைப்பு வீரர்கள் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்து, எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் மூடி அணைத்துக் காட்டுவார்கள். நாமும் கைதட்டிவிட்டுக் கலைந்து போவோம்.

இந்த வாரம் ஏன் ஏப்ரல் 14-இல் தொடங்குகிறது? 1944-ஆம் ஆண்டு அதே நாளில், பம்பாய் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிர் துறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் பத்துத் தோழியரைப் பற்றிப் பேசுகிறார். விழித்திருந்தவர்கள் முன்மதி உடையவர்கள், தூங்கியவர்கள் அறிவிலிகள் என்று பலர் நினைக்கிறோம். மீண்டும் வாசித்துப் பாருங்கள். மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது; ஐந்து பேரிடம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். அந்த எண்ணெய் பகலிலேயே வாங்கி வைத்தது. நள்ளிரவில் அதைக் கடனாகவும் பெற முடியவில்லை.

நம் பகுதியிலும் பத்துப் பேர் உறங்கினார்கள். 2015 ஜனவரி 31-ஆம் நாள், விடியுமுன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உழைத்துக் களைத்தவன் உறங்குவது தவறா? இல்லை. அவன் நிம்மதியாக உறங்க, பகலில் யாரோ ஒருவர் சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.

தோல் தொழிலின் ஆபத்துகள் நமக்குப் புதிதல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் சேரும் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் நச்சு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற அண்ணனோ நண்பனோ குதிக்கிறார், அவரும் விழுகிறார். அவருடைய அன்பில் குறையில்லை. கையில் கயிறும் சுவாசக் கருவியும்தான் இல்லை.

நல்ல சமாரியரை நினைத்துப் பாருங்கள். அடிபட்டவர் மேல் அவர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். அவை அவரிடம் இருந்தன. இரக்கம் மட்டும் இருந்து கை வெறுமையாக இருந்திருந்தால், காயத்தைக் கட்டியிருக்க முடியுமா?

தீயணைப்பு நிலையத்தில் அன்றாடம் நடக்கும் வேலையைப் பாருங்கள். வண்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, பம்பு இயங்குகிறதா, குழாயில் கிழிசல் உண்டா, சுவாசக் கருவியில் காற்று போதுமா என்று சோதிக்கிறார்கள். அன்று அழைப்பு வராமலே போகலாம். மறுநாளும் சோதிப்பார்கள். முகம் தெரியாத ஒருவருக்காக முன்கூட்டியே செய்யும் அன்பு அது. ஆண்டவர் சொன்ன எண்ணெய் இதுதான்.

நம்மிடம் எண்ணெய் இருக்கிறதா? ஷூ ஒட்டும் சொல்யூஷனும் தின்னரும் மூடியின்றி இருந்தால், அவற்றின் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். அந்த டின்கள் உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? தொழிற்சாலையின் அவசர வழியைப் பெட்டிகள் அடைத்திருக்கின்றனவா? சுவரில் தொங்கும் தீயணைப்பானின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா? தெருவின் இரு பக்கமும் பைக்குகளை நிறுத்திவிட்டால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? 101 என்ற எண் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தொழிற்சாலை நடத்தும் சகோதரர்களே, பாதுகாப்புக் கருவியை வீண்செலவு என்று எண்ணாதீர்கள். காயீன் கடவுளிடம், தம்பிக்கு நான் காவலாளியா என்று கேட்டான். ஆம், நாம் காவலாளிகள்தான்.

அடுத்த முறை தீயணைப்பு வீரர்கள் நம் ஊருக்கு வரும்போது கைதட்டுவதோடு நிற்காமல், அந்த ஈரச் சாக்கை நம் கையாலேயே போட்டுப் பழகுவோம். பிறரைக் காக்கப் போய் உயிர் துறந்தவர்களுக்காகவும், தொட்டிகளில் மாண்ட நம் தொழிலாளர்களுக்காகவும் மன்றாடுவோம். நம் விளக்குகளில் எண்ணெய் குறையாதிருக்க ஆண்டவர் அருள்புரிவாராக. ஆமென்.