வாவி சூழ்ந்த பள்ளியின் ஆசிரியர்கள்

(காட்டேரிக்குப்பத்தில் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆசிரியர்களை நினைவுகூரும் இவ்வமர்வில் பாவேந்தரைப் பற்றியும், வில்லியனூரில் பிறந்த வாணிதாசனைப் பற்றியும் பேச இங்குப் பலர் உள்ளீர்கள். இருவருமே பள்ளியாசிரியர்கள். நான் கடல் கடந்து மட்டக்களப்புக்குச் செல்கிறேன். கீழ்ப்புத்துப்பட்டு முகாம் நமக்கு அருகிலிருக்க, ஈழத்துப் பள்ளியொன்றின் கதை அயலார் கதையாகாது.

வாவி சூழ்ந்த புளியந்தீவில் இருக்கிறது புனித மிக்கேல் கல்லூரி. 1873இல் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியாகத் தொடங்கியது. பின்னர் அரசின் தேசியப் பாடசாலையாயிற்று. அதனை வளர்த்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியர். புதுவைக்காரர்களாகிய நமக்கு இது வியப்பன்று. அவர்களுக்குப் பின் அமெரிக்கத் துறவியர் வந்தனர். நகரின் விளையாட்டரங்கு அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொன்னார் நன்னூலார். கூடைப்பந்துப் பயிற்சியாளரை அவர் எண்ணியிருக்க மாட்டார்! ஹெபர்ட் அடிகளார் அத்தகைய ஆசிரியர். 1948இல் இலங்கைக்கு வந்தவர்; திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவர்களைப் பந்தாட வைத்தே ஒழுங்கு கற்பித்தவர்.

1990 ஆகஸ்டு. காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முசுலிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்ட மாதம். அம்மாதம் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு இளைஞர் ஒருவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் புறப்பட்டார் அடிகளார். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய தோழர் பென் மில்லர் அடிகளாரும் ஆசிரியரே. மட்டக்களப்பு அமைதிக் குழுவில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மாரின் முறையீடுகளைக் கேட்டவர். நன்னூலார் சொன்ன நிறைகோல் இவர்தாம். 2019இல் மறைந்தார்.

பாவலர்களே, ஒன்று கேட்கிறேன். தலைவன் மாய்ந்தபின் பாடக் கையறுநிலை என்றொரு துறை நமக்கு உண்டு. மாய்ந்தான் என்பது அதற்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நடுகல் நிற்க ஓரிடமும் வேண்டும். ஹெபர்ட் அடிகளாருக்கு இரண்டும் இல்லை. அவருடன் சென்ற இளைஞருக்கும் இல்லை. அத்தகையோரைப் பாட எந்தத் துறை? பழைய இலக்கணத்தில் எனக்கு அது அகப்படவில்லை. உங்களுள் ஒருவரேனும் அதனை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதை இவ்வட்டத்தின் அடுத்த கூட்டத்திலேயே படிக்க வேண்டும்.