கலைக்கூடங்களின் வாயிலும் நம் மாணவரும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. கூலி வேலை செய்து வாழும் குடும்பங்களிடமிருந்து பத்தும் இருபதுமாகத் திரட்டிய பணத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும், தேர்வுக் கட்டணம் கட்டியும், மாலை வகுப்பு நடத்தியும் இச்சங்கம் வளர்ந்தது. பள்ளியின் வாயிலை நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதே அன்றைய பணி. பின்னர்க் கல்லூரியின் வாயில் திறந்தது. இன்று மூன்றாவது வாயில் ஒன்று நம் எதிரே நிற்கின்றது. அதனைப் பற்றியே பேச விழைகின்றேன்.

கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் என்று வழங்குகின்ற உள்ளகப் பயிற்சியே அவ்வாயில். படித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே ஒரு நிறுவனத்தில் ஓரிரு மாதம் அமர்ந்து, அங்குள்ள மூத்தோரின் மேற்பார்வையில் வேலை பழகுவது இது. சட்டம், மருத்துவம், பொறியியல் பயில்வோர்க்கு இது புதிதன்று. இப்போது கலை, அறிவியல் மாணவர்க்கும் இது பாடத்திட்டத்தில் இடம்பெற்று வருகின்றது. இளநிலை மாணவர்க்கான உள்ளகப் பயிற்சி பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2024ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே நம் மாணவர்களும் பயிற்சிக்கு இடம் தேடுகின்றனர். வங்கி, கணக்கர் அலுவலகம், மென்பொருள் நிறுவனம் என்றே அவர்கள் பெரும்பாலும் தேடுகின்றனர். அது தவறன்று. ஆயினும் அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், ஆய்வு நூலகம், நாடகக் குழு, பதிப்பகம், மனித உரிமைக்கும் கல்விக்கும் உழைக்கும் தொண்டு நிறுவனம் ஆகிய இடங்களை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. "அங்கெல்லாம் நமக்கு என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான அக்கேள்விக்கு விடை கூறுவது என் கடமை.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் கொண்ட நூலை 1909இல் வெளியிட்டவர் அவரே. பல சாதி மக்களை நிறுத்தி வைத்து, தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்து எழுதியவர். அவ்வாறு அளக்கப்பட்டவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். அளவெடுத்தவர் பெயர் நூலின் முகப்பில் இருக்கின்றது. அளக்கப்பட்டவர் எண்ணாகிப் போனார். தம்மைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை அந்நாளில் கேட்டு எழுதுவார் இல்லை.

அதே காலத்தில் நம்மவர் எழுதாமல் இருந்தனரா? இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை வெளியிட்டார். அவர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாகப் பெருந்தொகுதிகளாக வந்த ஆண்டு 1999. இடையே 85 ஆண்டுகள்! பழைய தாள்களைக் கரையான் தின்னாமல் காத்தவரும், தேடி எடுத்தவரும், வரிசைப்படுத்தித் தொகுத்தவரும் இல்லாதிருப்பின், அப்பெருமகனாரின் சிந்தனை நமக்கு வாய்த்திராது. எழுதுவது ஒரு பணி. எழுதியதைக் காப்பது மற்றொரு பணி. இரண்டாவது பணியில் நம்மவர் மிகக் குறைவு.

காட்சிக் கூடத்தில் ஒரு பறை வைக்கப்படுகின்றது என்று கொள்வோம். அதன் கீழே ஒரு சிறு அட்டையில் நான்கு வரி எழுத வேண்டும். "சாவுக்கு அடிக்கும் மேளம்" என்று எழுதி முடிக்கலாம். அல்லது, எந்த மரத்தில் சட்டம் செய்தனர், எந்தத் தோலை எவ்வாறு பதப்படுத்தி இழுத்துக் கட்டினர், தீயில் காய்ச்சுவது ஏன், எத்தனை வகை அடிகள் உள்ளன, அதைச் செய்தவர் பெயர் என்ன என்றும் எழுதலாம். இரண்டு அட்டைகளும் ஒரே அளவுதான். ஆனால் அக்கூடத்துக்கு வரும் பள்ளிச் சிறுவன் முதல் அட்டையைப் படித்தால் தலை குனிந்து வெளியேறுவான். இரண்டாவதைப் படித்தால் தன் பாட்டனைப் பற்றிப் பெருமையோடு பேசுவான். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கலைக்கு மதிப்பு வந்துவிட்டது. அக்கலையை விளக்கி எழுதும் மேசையிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டாமா?

அந்த மேசைக்குச் செல்லும் வழிதான் உள்ளகப் பயிற்சி. அருங்காட்சியகத்தில் பொருட்பதிவேடு எழுதவும், பொருள்களைப் பேணவும் பழகலாம். ரோஜா முத்தையா அவர்கள் கோட்டையூரில் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவான சென்னை ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில், நொறுங்கும் தாளைக் கையாளுதல், ஒளிப்படப் பிரதி எடுத்தல், அட்டவணைப்படுத்துதல் ஆகியவற்றின் அருமையை அறியலாம். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, 1977இல் ந. முத்துசாமி அவர்கள் தோற்றுவித்த கூத்துப்பட்டறை, 1995 முதல் மதுரையிலிருந்து செயல்படும் மக்கள் கண்காணிப்பகம் ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை உழைப்பின் களங்கள். நாடகக் குழுவில் நடிப்பு மட்டுமன்று. ஒளியமைப்பும், உடைகளும், பயண ஏற்பாடும், வரவு செலவும் உண்டு. தொண்டு நிறுவனத்தில் களஆய்வும், உண்மையறியும் அறிக்கையும், தகவல் உரிமை மனுவும், நிதி வேண்டி எழுதும் விண்ணப்பமும் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு எவ்வாறு நடக்கின்றது என்பதை ஒரு மாதம் உடனிருந்து கண்ட மாணவர், ஊர் திரும்பியதும் நூறு குடும்பங்களுக்குத் துணையாவார்.

இனி இடர்ப்பாட்டுக்கு வருகின்றேன். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, வரலாறு பயில்பவள், தாய் தந்தையர் இருவரும் வயல் வேலைக்குச் செல்பவர். சென்னையில் ஓர் ஆவண நிலையத்தில் இரு மாதப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் மாதம் 8,000 ரூபாய், போக்குவரத்துக்கும் பிறவற்றுக்கும் 1,500 ரூபாய் என்று அவள் கணக்கிட்டாள். இரு மாதத்திற்கு 19,000 ரூபாய். அதற்கு மேல், கோடை விடுமுறையில் அவள் ஈட்டி வந்த கூலியும் இழப்பு. "இயலவில்லை, மன்னிக்கவும்" என்று கடிதம் எழுதிவிட்டாள். அவ்விடத்தைச் சென்னையிலேயே சொந்த வீடுள்ள வேறொரு மாணவர் பெற்றிருக்கக்கூடும். அவர்மீது குற்றமில்லை. அவளைத் தடுத்தவர் என்றும் எவருமில்லை. வாயிலில் காவலாள் நிறுத்தப்படவில்லை. ஆயினும் அவள் உள்ளே செல்லவில்லை. கூலியில்லாத பயிற்சி செய்யும் வேலை இதுதான்.

தொழிற்சாலையில் பயிலுநராகச் சேரும் ஐ.டி.ஐ. மாணவருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் கூறுகின்றது. கலைக்கூடத்தில் பழகும் கல்லூரி மாணவருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் 2024இல் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்று வகுத்தது. ஆயின் அது பெருநிறுவனங்களில் பயில 21 முதல் 24 வயதுக்குட்பட்டோர்க்கு உரியதாக அமைந்தது. முழுநேரமாகக் கல்லூரியில் படிப்போர்க்கு அதில் இடமளிக்கப்படவில்லை.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுக் கலை அருங்காட்சியகங்களில் காட்சிப் பொறுப்பாளர், பொருட்பேணுநர், கல்விப் பணியாளர், தலைமைப் பொறுப்பினர் ஆகியோரைப் பற்றி மெலன் அறக்கட்டளை 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவர்களுள் 84 விழுக்காட்டினர் வெள்ளையர். கறுப்பின மக்கள் 4 விழுக்காட்டினரே. அந்நாட்டின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இதற்கு ஒரு மாற்று முன்னரே தொடங்கியிருந்தது. 1992இல், கறுப்பினத்தவர் ஒருவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதை அடுத்து அந்நகர் பற்றியெரிந்தது. 50 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டில், 1993இல், கெட்டி அறக்கட்டளை ஒரு திட்டம் வகுத்தது. அருங்காட்சியகப் பணிகளில் குறைவாக இடம்பெற்ற சமூகங்களின் கல்லூரி மாணவர்க்குக் கோடைக்காலத்தில் ஊதியத்துடன் கூடிய பயிற்சி. அதற்கான பணத்தை அறக்கட்டளை அந்தந்தக் கலை நிறுவனத்துக்கே வழங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசும் நாடகம், இசை, இலக்கியம் போன்ற துறைகளுக்கு இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. கெட்டி திட்டத்தில் மட்டும் இதுவரை 3,000 பேருக்கு மேல் பயின்றுள்ளனர். 2019இல் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கமே, பயிற்சி பெறுவோர்க்கு ஊதியம் தரவேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. பயிற்சிக்குக் கூலி கொடுத்தபின்தான் வாயில் உண்மையில் திறந்தது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குச் சில சொற்கள். விடுமுறைக்கு மூன்று மாதம் முன்னரே எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். மதிப்பெண்ணை மட்டும் எழுதாதீர்கள். தமிழைக் கணினியில் பிழையின்றி அச்சிடத் தெரியும், பறை அடிக்கத் தெரியும், ஊர் முதியோரிடம் கதை கேட்டுப் பதியத் தெரியும் என்பனவெல்லாம் தகுதிகளே. எந்நாள் முதல் எந்நாள் வரை, எவர் மேற்பார்வையில், என்ன வேலை, உதவித்தொகை உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்பது பணிவுக்குக் குறைவாகாது. நாள்தோறும் செய்த வேலையை ஒரு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். சான்றிதழில் அவ்வேலை குறிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். தேநீர் வாங்கி வருவதே பயிற்சியாக முடிந்தால் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். பெண் பிள்ளைகள் கவனிக்க: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுவோரையும் காக்கின்றது. "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று துருவித் துருவிக் கேட்பவரும் எங்கேனும் இருப்பர். அது வேலைக்குரிய கேள்வியன்று என்பதை உணர்ந்து நிமிர்ந்து நில்லுங்கள். மற்றொன்றும் உண்டு. பறையைப் பற்றி எழுத மட்டும் உங்களை அழைப்பர். எழுதுங்கள், ஆனால் அதோடு நில்லாமல் செப்புத் திருமேனியைப் பேணவும், கணக்கெழுதவும், நிறுவனத்தை நடத்தவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கலை பயில்வோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர் மேற்பயிற்சி பெற, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் உதவும் திட்டத்தை மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் வகுத்துள்ளது. நாட்டுப்புறக் கலைகளும் அதில் அடங்கும். ஆசானிடம் ஐந்தாண்டுகள் பயின்றிருத்தல் வேண்டும். நம் தெருக்களில் பத்து வயதிலேயே பறையேந்திய பிள்ளைகளுக்கு அத்தகுதி இல்லையா?

இறுதியாக, சங்கத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாணவியின் கணக்கு 19,000 ரூபாய் என்றேன். ஆண்டுக்கு ஐந்து மாணவர்க்கு 95,000 ரூபாய். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்லில் வளைவு எழுப்பலாம் என்று சிலர் கருதுவதாக அறிகின்றேன். வளைவு வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. அதற்கு முன் ஓர் உள்ளகப் பயிற்சி நிதியைத் தொடங்குங்கள் என்றே கேட்கின்றேன். அரசுப் பணியிலும் வங்கியிலும் இருக்கும் நம் உறுப்பினர் 100 பேர், மாதம் 80 ரூபாய் வீதம் அளித்தால், ஆண்டுக்கு 96,000 ரூபாய் சேர்ந்துவிடும். சென்னையிலும் மதுரையிலும் வாழும் நம் குடும்பங்கள், இரு மாதம் ஒரு மாணவிக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தால் செலவு பாதியாகும். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா சென்றதும் 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் அல்லவா? அறிவு அவருடையது, வழிச்செலவைப் பிறர் ஏற்றனர்.

அடுத்த 25 ஆண்டுகள் கழித்து இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும். அன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பறையின் கீழே உள்ள அட்டையை நம் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்க வேண்டும். அளக்கப்பட்டவரின் பெயர்த்தி அங்கே எழுதுபவளாக அமர வேண்டும். அதற்கான முதல் 80 ரூபாயை இம்மேடையிலேயே செயலாளரிடம் அளித்து, என் உரையை நிறைவு செய்கின்றேன்.

ஜெய் பீம்!