ஊசி போட்ட தோள் வலி ஆறவில்லையா?
(ஹஜ் பயணிகள் வழிகாட்டிக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வலிக்கும், பிறகு போய்விடும். நான் பேச வந்தது போகாத வலியைப் பற்றி.

ஹஜ் முடித்து வந்த ஓர் உம்மாவை அவருடைய மகன் அழைத்து வந்தார். ஊசி போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. தக்பீர் கட்ட வலது கையைத் தூக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. "ஊசி வலிதானே, சரியாயிடும்னு இருந்துட்டேன்" என்றார். மகனோ, இனி பிள்ளைகளுக்கு எந்த ஊசியும் போடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டார்.

எந்த இடத்தில் குத்தினார்கள் என்று கேட்டேன். தோள் எலும்பின் விளிம்பை ஒட்டிக் காட்டினார். கூச்சத்தில் துணியைக் கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்திருக்கிறார். போட்டவர் நின்றபடி போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் ஊசி மேலே ஏறிவிடும்.

ஊசி இறங்க வேண்டியது தோள் எலும்பின் விளிம்புக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, தடித்த சதையில். மேலே போனால், தசைநாருக்கு மேல் மெத்தை மாதிரி இருக்கும் நீர்ப்பையில் மருந்து இறங்கி, அங்கே அழற்சி உண்டாகிறது. மருந்தின் மேல் குற்றமில்லை, இடம்தான் தவறு. அமெரிக்காவில் 2017 முதல் இந்தக் காயம் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. மகனிடம் இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

ஒரு வாரம் தாண்டியும் வலித்தால், கை தூக்க முடியாவிட்டால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் எடுத்தால் நீர்ப்பை வீக்கம் தெரியும். முதலில் ஐஸ் ஒத்தடம், வலி மாத்திரை. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்கள் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அடங்காவிட்டால் தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், முன்பே சொல்லிவிடுங்கள்.

கையைத் தூளியில் கட்டி வைக்காதீர்கள். அசையாத தோள் இறுகிவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். எண்ணெய் போட்டு முறுக்கி நீவுவதும் வேண்டாம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல மெல்ல ஆட்டுங்கள். வலி குறைந்ததும் சுவரில் விரல்களால் நடந்து ஏறுங்கள். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ, மணிக்கட்டு தொங்கிவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த உம்மாவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசியும் மூன்று மாதப் பயிற்சியும் தேவைப்பட்டது. இப்போது கை காது வரை எழுகிறது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது மட்டும் இன்னும் குறைதான். முதல் மாதமே வந்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது.

முகாம் அன்று தொளதொளப்பான கை வைத்த உடுப்பு அணிந்து வாருங்கள். பெண்களுக்குத் திரை மறைப்பு கேளுங்கள். அது உங்கள் உரிமை. கழுத்துப் பக்கம் இறக்காமல், கையைத் தோள்வரை முழுதாகத் திறந்து காட்டுங்கள். நீங்களும் உட்காருங்கள், ஊசி போடுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் கீழே போடுங்கம்மா" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.